காரைக்குடி அடுக்குமாடி வீட்டுக்கு எந்த எலெக்ட்ரிக் பியானோ வாங்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் பெரிய வீட்டிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகக் காரைக்குடிக்கு வந்து, இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறீர்கள். பத்து வயது மகள் இரண்டு வருடமாக 61 கீ உள்ள கீபோர்டில் வாசிக்கிறாள். இனிமேல் பியானோ வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. உங்கள் வீட்டிலேயே மதியம் கண்ணயரும் அப்பத்தா இருக்கிறார். பட்ஜெட் அறுபதாயிரம். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் அங்கிருந்தே வாங்கி வருகிறேன் என்கிறார். எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாடல் பெயர்களுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். ஃப்ளாட்டுக்குப் பியானோ வாங்குகிறவர்கள் எல்லோரும் ஸ்பீக்கர் சத்தத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஹெட்போனை மாட்டினால் அந்தச் சத்தம் அன்றே நின்றுவிடும். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து கதவைத் தட்டுவது பெரும்பாலும் வேறொன்றுக்காக: விரல் கீயை அழுத்தும்போது அடியில் எழும் ‘டொக் டொக்’ தட்டல். அது ஹெட்போனுக்குக் கட்டுப்படாது. அதனால் உங்கள் அறுபதாயிரத்தைப் பிரிக்கும்போது முதல் பங்கு கீயின் தரத்துக்குப் போகட்டும். இரண்டாவது பங்கு ஸ்டாண்டுக்கும் அதன் அடியில் போடும் விரிப்புக்கும். நூறு வகைக் குரல்கள் (வாத்திய ஒலிகள்), தாளங்கள், மினுக்கும் திரை இதற்கெல்லாம் மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

கடைக்குப் போகுமுன் டீச்சரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். மகள் எழுதப்போவது பியானோ கிரேடு என்ற படிநிலைத் தேர்வா, எலெக்ட்ரானிக் கீபோர்டு கிரேடா? நம் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் எழுதும் லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் உண்டு. கீபோர்டு கிரேடில் இடது கை கார்டு (ஒன்றாக அழுத்தும் சுரக்கூட்டு) பிடிக்க, கருவி தானாகத் தாளமும் பக்கவாத்தியமும் போடும். நடுவில் குரலை மாற்றி வாசிக்க வேண்டும். அதற்கு இப்போது வீட்டில் இருப்பது போன்ற கீபோர்டுதான் வேண்டும். நான் கீழே சொல்லும் பியானோக்களில் அந்தத் தாள வசதி கிடையாது, அல்லது பேருக்கு இருக்கும். பியானோ கிரேடு என்றால் நிலைமை தலைகீழ்: முழு 88 கீ, எடையுள்ள கீ, சுரத்தை நீட்டக் காலால் அழுத்தும் பெடல் ஆகிய மூன்றும் வேண்டும். இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு கருவிக்கு அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வு மையத்தில் டிஜிட்டல் பியானோவை (நாம் பேசும் எலெக்ட்ரிக் பியானோதான்) எந்தக் கிரேடு வரை, எந்த நிபந்தனையோடு ஒப்புக்கொள்கிறார்கள் என்பதையும் அந்த வருடத்துப் பாடத்திட்டத்தில் டீச்சரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் பியானோ கிரேடு என்று வைத்துக்கொண்டுதான்.

எடையுள்ள கீ என்றால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு காசு? உண்மையான பியானோவில் ஒவ்வொரு கீக்கும் பின்னால் மரத்தில் செய்த ஒரு சுத்தியல் இருக்கிறது. கீயை அழுத்தினால் அது எழுந்து கம்பியைத் தட்டும். இடது பக்கத்து மந்தர சுரங்களின் சுத்தியல்கள் பெரியவை, வலது பக்கம் போகப் போகச் சிறியவை. அதனால் இடது பக்கம் கீ கனமாகவும் வலது பக்கம் லேசாகவும் இருக்கும். நல்ல டிஜிட்டல் பியானோவில் கம்பி கிடையாது. ஆனால் அதே மாதிரி எடைகள் உண்டு, இடமிருந்து வலமாக அவை குறைந்துகொண்டே வரும். கீ எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை அடியில் இருக்கும் சென்சார்கள் அளந்து சத்தத்தின் அளவைத் தீர்மானிக்கும். 61 கீ கீபோர்டில் வெறும் ஸ்பிரிங்தான். அதில் பழகிய விரலுக்குப் பியானோ கீ முதலில் பாறை மாதிரி இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் ஸ்பிரிங் கீயிலேயே நான்கைந்து வருடம் கழித்த பிள்ளைக்கு, மெதுவாகவும் அழுத்தமாகவும் மாற்றி மாற்றி வாசிக்கும் பக்குவம் பிறகு வருவது ரொம்பவே சிரமம். பத்து வயதில் மாறச் சொன்ன டீச்சர் சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறார்.

‘டச் சென்சிட்டிவ்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வேகத்தை உணரும் என்பது மட்டுமே அதன் பொருள். கீக்கு எடை இருக்கிறது என்று பொருள் இல்லை. ‘செமி வெயிட்டட்’ என்பதும் ஸ்பிரிங்தான், கொஞ்சம் கடினமான ஸ்பிரிங். ‘ஹாம்மர் ஆக்‌ஷன்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்தத் தட்டல். எடையுள்ள கீ கீழே போய் மோதும்போது அந்த அதிர்வு கருவியின் அடித்தட்டுக்கும், அங்கிருந்து ஸ்டாண்டின் கால்களுக்கும், கால்களிலிருந்து தரைக்கும் போகிறது. உங்கள் தரைதான் கீழ்வீட்டுக் கூரை. கான்கிரீட் தளம் காற்றில் வரும் சத்தத்தை ஓரளவு தடுக்கும். நேரடியாக மோதும் அதிர்வை மட்டும் அப்படியே கடத்திவிடும். மேல்வீட்டில் உரலில் இடித்தால் கீழ்வீட்டில் பாத்திரம் அதிர்வது போலத்தான் இதுவும். கானாடுகாத்தான் வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கனத்த சுவர், தலைக்கு மேல் திறந்த வளவு, கீழே மண்ணைத் தவிர யாருமில்லை. சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்ப, பட்டாலைக் கூடத்தில் சின்னக் கீபோர்டு கூடப் பெரிதாகக் கேட்கும். அந்த வீட்டில் வாசித்துப் பழகிய குழந்தைக்கு ஃப்ளாட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அறை வறண்டு கேட்கும். கருவியில் ‘ரிவெர்ப்’ என்று எதிரொலி சேர்க்கும் வசதி ஒன்று இருக்கும். அதைக் கொஞ்சமாக வைத்தால் அந்தக் குறை தெரியாது.

தட்டலைக் குறைக்கும் வழிகள் உண்டு. முதலில் இடம். அடுக்குமாடியில் எல்லா வீடும் ஒரே அச்சு என்பதால் உங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே அவர்களுடைய படுக்கையறைதான் இருக்கும். கைக்குழந்தை தூங்கும் அறைக்கு மேலே பியானோவை வைக்காதீர்கள். ஹாலில், அதுவும் நடுவில் இல்லாமல், தூணோ உத்தரமோ வரும் ஓரத்தில் வையுங்கள். தளத்தின் நடுப்பகுதி எளிதாக அதிரும், ஓரங்கள் விறைப்பாக இருக்கும். பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். எந்தச் சுவராக இருந்தாலும் பியானோ அதில் ஒட்டாமல் நான்கு விரற்கடை விட்டு நிற்கட்டும்.

அடுத்தது விரிப்பு. மெல்லிய கார்ப்பெட் கண்ணுக்கு அழகு, அதிர்வுக்குப் பயனில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் போடும் தடித்த ரப்பர் பாய், பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல், வாங்குங்கள். அதன் மேல் முக்கால் அங்குல பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஸ்டாண்டை நிறுத்துங்கள். பலகை இல்லாமல் ரப்பர் மேல் நேராக நிறுத்தினால் நான்கு காலும் நான்கு இடத்தில் புதைந்து, ரப்பர் அங்கே நசுங்கி, வேலை செய்யாது. பலகை இருந்தால் பாரம் பரவும். பெடலும் அதே பலகையின் மேல் இருக்கட்டும், ஏனென்றால் குழந்தைகள் பெடலை அழுத்துவதில்லை, உதைக்கிறார்கள். அந்தச் சத்தம் கீயை விட மோசம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வழவழப்பான டைல்ஸ் தரையில், கருவியோடு வரும் சின்ன பெடல் வாசிக்க வாசிக்க நழுவி முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் ஒட்டிய பலகையில் அது அசையாது. பலகையை உங்கள் ஆசாரியிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் அறுத்து ஓரம் தேய்த்துக் கொடுத்துவிடுவார்.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கத்தரிக்கோல் மாதிரி மடங்கும் எக்ஸ் ஸ்டாண்டு எடையுள்ள பியானோவுக்கு ஆகாது. அழுத்தி வாசித்தால் ஆடும், ஆடினால் அதிர்வும் கூடும், குழந்தையின் முழங்காலும் இடிக்கும். அந்தந்த மாடலுக்கென்று கம்பெனி விற்கும் மர ஸ்டாண்டோ, மேஜை போல் நான்கு கால் உள்ள இரும்பு ஸ்டாண்டோ வாங்குங்கள். உட்காரும் பெஞ்சு உயரம் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். வாசிக்கும்போது முழங்கை கீயின் மட்டத்துக்கு வர வேண்டும். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தலையணை போட்டு உட்கார வைக்காதீர்கள்.

எல்லாம் அமைத்த பிறகு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மகளை ஹெட்போனோடு வேகமாக ஏதாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டு ஆச்சியிடம் சொல்லி அவர்கள் ஹாலில் போய் நில்லுங்கள். அங்கே என்ன கேட்கிறதோ அதுதான் உண்மை. அப்படியே எந்த நேரத்தில் குழந்தை தூங்கும் என்று கேட்டு வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராமலே போகும். சட்டப்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவு நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டோடு சட்டம் பேசும் நிலைமை வரவே கூடாது. ஒன்பது மணிக்கு மேல் ஹெட்போன் போட்டும் வேகமான ஸ்கேல் (சுர வரிசை) பயிற்சி வேண்டாம், மெதுவான பாடம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போன் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டியது: ப்ளூடூத் ஹெட்போன் கூடாது. கீயை அழுத்தியதற்கும் காதில் விழுவதற்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் வரும். பாட்டுக் கேட்க அது தெரியாது, வாசிக்கும் விரலுக்கு உடனே தெரியும், தாளமே குலைந்துவிடும். ஒயர் உள்ளதையே வாங்குங்கள். சில பியானோக்களில் ஹெட்போன் துளை பெரியது, சிலவற்றில் போனில் இருப்பது போல் சின்னது. அதற்கேற்ற கன்வெர்ட்டர் பின் ஒன்று கையில் இருக்கட்டும். காதை முழுதாக மூடும் வகை, எடை குறைந்ததாக. நம் ஊர் வெயிலில் ரெக்ஸின் பஞ்சு வேர்த்து ஊறும், துணி பஞ்சு இருப்பது நல்லது. சத்தத்தைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டாம் என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள். குழந்தைகளுக்கு வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதானால் 75 டெசிபெல்தான் பாதுகாப்பு என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது, பெரியவர்களுக்கு 80.

அப்பத்தா தூங்குகிறார் என்று ஸ்பீக்கரை ரொம்பக் குறைத்து வைத்து வாசிக்கச் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சத்தம் சின்னதாகக் கேட்டால் குழந்தை தன்னையறியாமல் ஓங்கி அடிக்கும். விரல் கெட்டுப்போகும், கீழ்வீட்டுக்குத் தட்டலும் கூடும். ஒன்று சாதாரண அளவில் ஸ்பீக்கர், இல்லையென்றால் ஹெட்போன். வாரத்தில் சில மணி நேரமாவது ஹெட்போன் இல்லாமல் வாசிக்கட்டும். அறையில் ஒலி பரவுவதைக் கேட்டால்தான் பெடலை எங்கே விட வேண்டும் என்று காது கற்றுக்கொள்ளும். வீட்டில் நாலு பேர் கேட்பதும் பிள்ளைக்கு ஒரு சந்தோஷம்.

சரி, மாடல்கள். விலை அடிக்கடி மாறுவதால் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்; குணத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ரோலண்ட் எஃப்பி-10. பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை. இந்த விலைப் பிரிவில் கீயின் உணர்வு இதற்குத்தான் பெரிய பியானோவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கீக்கு மூன்று சென்சார் இருப்பதால், அழுத்திய கீ முழுதாக மேலே வருவதற்குள் மறுபடி தட்டினாலும் சுரம் விழாமல் போகாது. ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பாடங்களில் இதன் அருமை தெரியும். குறையும் உண்டு. ஸ்பீக்கர் ஆறு வாட் இரண்டு, கருவியின் அடியில் கீழ் நோக்கி இருக்கும், ஹாலை நிறைக்காது. கீயின் தட்டல் கொஞ்சம் கேட்கும், மேலே சொன்ன பலகையும் ரப்பரும் இதற்குக் கட்டாயம்.

யமஹா பி-145 பதினொரு கிலோ. கீ கொஞ்சம் லேசு. சின்னக் கைக்கு இது சுகமாக இருக்கும், பெயரும் நம்பிக்கையும் உண்டு, பழுது பார்க்க ஆள் கிடைப்பதும் எளிது. ஒரே சமயத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்கள் 64. பெடலை அழுத்திக்கொண்டு வாசிக்கும்போது பழைய சுரங்கள் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், புதியவை சேரும். எண்ணிக்கை நிரம்பினால் பழையது வெட்டுப்படும். ஆரம்பக் கிரேடுகளில் 64 தாராளம். ஐந்தாம் கிரேடுக்கு மேல் கனமான பெடல் பாடங்களில் சில இடங்களில் உறைக்கலாம். எஃப்பி-10-இல் இது 96. கடைக்காரர் 192, 256 என்று எண்ணைப் பெருக்கிக்கொண்டே போவார்; இந்த ஒரு எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இடம்தான் பெரிய பிரச்சினை என்றால் காசியோ பிஎக்ஸ்-எஸ்1100. அகலம் எல்லாவற்றிலும் நாலு அடிக்கு மேல் வந்தே தீரும், 88 கீ வேண்டுமே. ஆனால் இதன் ஆழம் 23 சென்டிமீட்டர்தான், மேலே சொன்ன இரண்டையும் விட மெலிந்தது. ஆறு டபுள் ஏ செல்லிலும் ஓடும் என்பது கரண்ட் போகும் ஊரில் உபயோகம். மெலிவுக்குக் கொடுத்த விலை கீயில் தெரிகிறது: கீ உள்பக்கம் குட்டையாக இருப்பதால், கறுப்புக் கீகளுக்கு நடுவே விரலை உள்ளே செலுத்தி வாசிக்கும்போது கனக்கிறது. வளர்ந்து வரும் பிள்ளைக்கு நான் இதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். அதே கம்பெனியின் சிடிபி-எஸ்110 இன்னும் மலிவு, பத்தரைக் கிலோ. பட்ஜெட் இறுக்கமானால் அதில் தொடங்கலாம், தப்பில்லை.

பட்ஜெட்டைக் கொஞ்சம் இழுக்க முடிந்தால் கவாய் ஈஎஸ்120-ஐ ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். கீ மோதும் இடத்தில் நல்ல மெத்தை வைத்திருக்கிறார்கள், தட்டல் சத்தம் இந்தக் கூட்டத்தில் இதில்தான் அடக்கம். கீழ்வீட்டுக் கைக்குழந்தையை நினைத்தால் இந்த அமைதிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமே இருக்காது. ஸ்பீக்கரும் பத்து வாட் இரண்டு, ஹாலுக்குப் போதும்.

மூன்று பெடலோடு அலமாரி போல் நிற்கும் வகைகளும் உண்டு. யமஹா ஒய்டிபி-145 போன்றவை 38 கிலோ. ஆடாமல் அசையாமல் நிற்கும், பார்க்கவும் பர்மாத் தேக்கு நிலைக்கதவுகளுக்கு இணையாக வீட்டில் ஒரு சாமானாக இருக்கும். சொந்த ஃப்ளாட் என்றால் யோசியுங்கள். வாடகை வீடு என்றால் வேண்டாம், ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் கழற்றிப் பூட்ட வேண்டும்.

உண்மையான மரப் பியானோவே வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஃப்ளாட்டில் வேண்டாம். இருநூறு கிலோவுக்கு மேல் எடை, சத்தத்தைக் குறைக்கும் வழி குறைவு. அதைவிட நம் ஊர் வெயிலும் ஐப்பசி மழையும் மரத்தை விரித்துச் சுருக்கி, சுதியைக் கலைத்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை சுதி சேர்க்க ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். டிஜிட்டலில் அந்தச் செலவே இல்லை.

பெடலைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான மாடல்களோடு வருவது ஒரு சின்னச் சதுர சுவிட்ச். அதை வைத்துத் தொடங்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் உண்மையான பெடல் வடிவத்தில் இருப்பதை வாங்கிவிடுங்கள். பாதி அழுத்தினால் பாதி வேலை செய்யும் வகையை உங்கள் மாடல் ஏற்குமா என்று கடையில் கேளுங்கள்.

அப்பத்தாவுக்காகத் தேவாரமும் கீர்த்தனையும் வாசிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஓர் எல்லைக்குள். பாடுகிறவருக்கு எது சுதியோ அதற்குப் பியானோவைத் திருப்பிக்கொள்ள ‘டிரான்ஸ்போஸ்’ எல்லா மாடலிலும் உண்டு. ஒரு கட்டை என்றால் பியானோவின் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். மகள் சி-யில் பழகிய பாட்டை அப்படியே வாசிக்க, அப்பத்தா தன் கட்டையில் பாடலாம். ஆனால் கமகம் வராது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது கீ வாத்தியத்தின் குணத்திலேயே இல்லை. சாம்பசிவ ஐயரும் அவர் அண்ணன் சுப்பராம ஐயரும் வீணையில் காரைக்குடி பெயரை நிலைநாட்டினார்களே, அந்த இழுப்பும் அசைவும் தந்தியில் பிறப்பவை. பழைய 61 கீ கீபோர்டில் இடது ஓரம் ‘பிட்ச் பெண்ட்’ சக்கரம் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள். சுரத்தை வளைக்க அது ஓரளவு உதவும், மேலே சொன்ன எந்தப் பியானோவிலும் அது கிடையாது. தாளப் பெட்டியாகவும் அது இருக்கட்டும்.

வெயில், தூசி, கரண்ட் மூன்றும் நம் பக்கத்துக்கே உரிய கவலைகள். இந்தக் கருவிகள் 40 டிகிரி வரைக்குத்தான் என்று யமஹா தன் கையேடுகளில் போட்டிருக்கிறது. நம் சித்திரை, வைகாசியில் அதைத் தொட்டுவிடும். மேற்குப் பக்க ஜன்னலடியில் வைக்காதீர்கள், மூடிய காரில் விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போகாதீர்கள். செம்மண் தூசி கீ இடுக்கில் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் தொடுமுனைகள் கெடும், அப்புறம் சில சுரங்கள் திடீரென்று ஓங்கி ஒலிக்கும் அல்லது ஊமையாகும். வாசித்து முடித்ததும் மூடிவிட வேண்டும். இதற்கு பிளாஸ்டிக் உறையை விடப் பழைய கண்டாங்கிச் சேலை உத்தமம், காற்றும் போகும், தூசியும் தங்காது. எறும்பும் பல்லிக்குட்டியும் உள்ளே குடியேறுவது நடக்கிற விஷயம். பக்கத்தில் பலகாரத் தட்டை வைத்துக்கொண்டு வாசிக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. துடைப்பதற்கு லேசாக நனைத்துப் பிழிந்த துணி போதும், ஸ்பிரிட் வேண்டாம்.

கரண்ட் செலவு ஒரு பொருட்டே இல்லை, சின்ன பல்ப் அளவுதான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும். ஸ்பைக் கார்டு வழியாக இணையுங்கள். இடி இடிக்கும்போது அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அடாப்டர் பழுதானால் வோல்டேஜ் ஒன்றுதானே என்று கிடைத்ததைச் செருகக் கூடாது. முனையில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் கருவியே போய்விடும்.

இனி சிங்கப்பூர். கொழுந்தனாரின் அன்புக்கு நன்றி சொல்லி, அங்கே நல்ல ஹெட்போன் வாங்கி வரச் சொல்லுங்கள். பியானோ வேண்டாம். பெட்டியில்லாமலே பி-145-இன் நீளம் 132 சென்டிமீட்டருக்கு மேல், ஆழம் 27, உயரம் 13. மூன்றையும் கூட்டினால் விமானங்கள் சாதாரணமாக ஏற்கும் 158 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும், தனிக் கட்டணம் கேட்பார்கள். சுங்க வரியும் சேரும். வோல்டேஜ் இங்கேயும் அங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான், பிளக்தான் வேறு; அது சின்ன விஷயம். வாரன்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி என்பதுதான் பெரிய விஷயம். ஒரு கீ ஊமையானால் இங்கே கையைப் பிசைய வேண்டிவரும்.

வாங்குவதற்கு மதுரையோ திருச்சியோ போங்கள், இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நாலைந்து மாடலை ஒரே இடத்தில் வாசித்துப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலைப் பல்லவன் ரயிலில் சென்னை போகலாம். அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் முதற்கொண்டு அங்கே கடைகள் உண்டு. போவதற்கு முன்னால் போன் செய்து, நீங்கள் கேட்கும் மாடல் பெட்டியில் இருக்கிறதா, வாசித்துப் பார்க்க வெளியே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், உட்கார்ந்து வாசிக்கப்போவது அவள்தான்.

கடையில் முதலில் கருவியை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இதைக் கடைக்காரர்கள் வினோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. கீயின் தட்டல் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்; கீழ்வீட்டுக்குப் போகப்போவது அதுதான். பிறகு ஹெட்போனில் ஒரே கீயை மெதுவாக, இன்னும் மெதுவாக, நூல் இழையாக வாசிக்கட்டும். அவ்வளவு சின்ன ஒலியை விரலால் கட்டுப்படுத்த முடிகிற கருவிதான் அவளுக்கானது. எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும்.

பழையது வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பிள்ளைகள் விட்டுவிட்டதால் ஒரு வருடம் கூட வாசிக்காத பியானோக்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. 88 கீயையும் ஒன்று விடாமல் மெதுவாகவும் ஓங்கியும் வாசித்துப் பாருங்கள். பக்கத்துக் கீகளை விட ஒன்று மட்டும் ஓங்கி ஒலித்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது. ஹெட்போன் பின்னைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், கரகரப்பு வரக் கூடாது. அடாப்டர் கருவியோடு வந்ததுதானா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் பழையதென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், பாகங்கள் கிடைக்காது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எஃப்பி-10-ஐயும் ஈஎஸ்120-ஐயும் அணைத்து வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். தட்டலில் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் ஈஎஸ்120-க்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் காசு சேர்ப்பேன். அதுவரை 61 கீயிலேயே வாசிக்கட்டும், ஒன்றும் கெட்டுவிடாது. வித்தியாசம் தெரியவில்லையென்றால் எஃப்பி-10-ஐ அன்றே எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் நல்ல ஸ்டாண்டு, பெஞ்சு, ரப்பர் பாய், பலகை, ஒயர் ஹெட்போன் எல்லாம் வாங்கிவிடுவேன். பியானோ வந்த அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் கிழிக்காமல் பரண் மேல் போட்டு வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போதோ வீடு மாறும்போதோ அதைப்போல் பாதுகாப்பான உறை வேறெங்கும் கிடைக்காது.